உருளைக்கிழங்கு எரியாது என்று கையுறையைக் கழற்றியது குறித்து

அனுப்புநர்:
உதவியாளர் எண் 3 (தங்கள் கோப்பில் உள்ளபடி),
சமையற்கட்டு,
இயந்திரப் பணிமனை ஊழியர் உணவகம்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பணிமனை உணவகத்தில் முப்பத்து நான்கு பேர் வாந்தி எடுத்தது தொடர்பாக – தலைமைச் சமையலர் மீது போட்ட தடையை நீக்கவும், அதே சம்பவத்தில் எனக்கு வழங்கப்பட்ட பாராட்டை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பார்வை: உணவகக் கண்ணாடிக் கதவில் சென்ற மாதம் 12-ஆம் தேதி ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பும், அதன் கீழே ஒட்டப்பட்ட ஆய்வு அறிக்கையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் உணவகத்தில் சாப்பிடும் பழக்கம் தங்களுக்கு இல்லாததால், தாங்கள் நலமாகவே இருப்பீர்கள் என்று உறுதியாக நம்பி இந்த மனுவைத் தொடங்குகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மேலே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இருப்பதெல்லாம் எங்கள் உணவகக் காசாளர் சொல்லிக் கொடுத்தது. எழுத்துப் பிழைகளையும் அவரே திருத்தினார். வேடிக்கைப் பேச்சையும் அடித்துவிடச் சொன்னார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அதிகாரியும் மனிதர்தானே, காலையிலிருந்து அழுகிற மனுவாகவே படித்தால் அவருக்கும் சலிக்காதா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “உங்க வாய்க்கு நான் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டார். ஆகையால் இனி வரும் வரிகளுக்கு நானே முழுப் பொறுப்பு.

1. இந்த உணவகத்தில் நான் பதினோரு வருடமாகக் காய் நறுக்குகிறேன். தலைமைச் சமையலர் எனக்கு ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. வயதில் என்னைவிட எட்டு வருடம் இளையவள். வேலையில் எனக்கு மேலே இருக்கிறாள். வீட்டில் நான் அவளை அதட்டலாம், சமையற்கட்டில் அவள் என்னை அதட்டலாம் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இதுவரை அதில் குழப்பம் வந்ததில்லை.

2. அவளுக்குக் கை கழுவும் வியாதி உண்டு. வியாதி என்று நான்தான் சொல்வேன், கிண்டலுக்கு. காயைத் தொட்டால் கழுவுவாள், கரண்டியைத் தொட்டால் கழுவுவாள், கழுவிய கையால் குழாயைத் தொட்டுவிட்டேனே என்று மறுபடியும் கழுவுவாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சோப்பு’. எங்கள் எல்லோருக்கும் நிர்வாகத்திடம் சண்டை போட்டுக் கையுறைப் பெட்டி வாங்கித் தந்ததும் இவள்தான். இப்படிப்பட்டவளைத்தான் கிருமி பரப்பியவள் என்று தங்கள் அறிவிப்பு சொல்கிறது. தங்கள் அலுவலகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

3. சம்பவம் நடந்தது சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று மதியம் பன்னிரண்டரைக்கு நூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நாற்பதுக்குச் சரக்கு வண்டி ஓட்டுபவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மூன்று மணிக்குள் வெல்டிங் பகுதியில் ஆறு பேர். அதற்குப் பிறகு கழிவறை வாசலில் வரிசை. வரிசையில் மூன்றாவதாக நின்றவள் நான். எனக்கு முன்னால் நின்ற கிடங்கு மேற்பார்வையாளர் இருபது வருட நாகரிகத்தோடு, “நீங்க முதல்ல போங்க” என்றார். நான் போவதற்குள் அவருடைய நாகரிகம் தீர்ந்துபோய் அவரே உள்ளே ஓடிவிட்டார்.

மாலை ஐந்து மணிக்குள் எண்ணிக்கை முப்பத்து நான்கு. யாருக்கும் காய்ச்சல் இல்லை. வாயில் காவலர் ஒருவருக்கு மட்டும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலைப் பணிக்கு அவர் உட்பட எல்லோரும் வந்து, யார் எத்தனை தடவை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரக் கணக்கைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், ஐயா. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஆரம்பம், காய்ச்சல் கிடையாது, விடிந்தால் சரி. வழக்கே இதில்தான் இருக்கிறது.

4. மறுநாள் தங்கள் சுகாதார ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர். பாத்திரங்களைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார், முந்தின நாள் வதக்காமல் மிச்சமிருந்த உருளைக்கிழங்கு மசியலைக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டார். சமையற்கட்டில் இருக்கும் எங்கள் ஐந்து பேரிடமும் மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார். பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தார். நூற்று நாற்பது பேருக்குப் பரிமாறி முடித்தபின் பசியே போய்விட்டது, அன்று சாப்பிடவில்லை என்று என் ஓரகத்தி உண்மையைச் சொன்னாள். ‘சமைத்தவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை’ என்று அவர் குறித்துக்கொண்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இன்னொன்றும் எழுதினார். அது தங்கள் ஆய்வு அறிக்கையில் நான்காம் பத்தியாக இருக்கிறது: ‘உதவியாளர் எண் 3 மட்டும் கையுறை அணிந்து பணி செய்தது பாராட்டத்தக்கது.’

பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் பாராட்டியதில்லை. அந்தத் தாளை என் வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காக அவரை உணவக வாசல் வரைக்கும் கூட்டிவந்தேன்.

5. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, அந்தப் பாராட்டுக்கு மேலேயே பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தலைமைச் சமையலரின் மலத்தில் நோய்க்கிருமி காணப்பட்டது, அவர் மூலமாகவே முப்பத்து நான்கு பேருக்கும் நோய் பரவியது, இனி எந்த உணவுக்கூடத்திலும் அவர் வேலை செய்யக்கூடாது என்று அதில் இருக்கிறது. பெயர் போடவில்லைதான். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தலைமைச் சமையலர்.

6. அன்றிலிருந்து அவள் வீட்டிலும் சமைப்பதில்லை. அவள் வீட்டுக்காரர் சமைக்கிறார். அதை வைத்தே முப்பத்து நான்கு பேரை மறுபடியும் வாந்தி எடுக்கவைக்கலாம். தன் தட்டு, தம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறாள். தெருவில் எதிரே வரும் பணிமனை ஆட்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் அரை அடி தள்ளி நின்று பேசுகிறார்கள். ஐந்து வாரமாக நான் செய்யாத கிண்டல் இல்லை, அவள் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. கழுவிக் கழுவிப் புறங்கைத் தோல் வெடித்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை, இருபதாம் தேதி, நிர்வாகம் அவள் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாக எடுக்கப்போகிறது. இந்த மனுவின் அவசரம் அதுதான்.

7. அறிவிப்பு ஒட்டிய வாரமே நான் சொந்தமாக ஒரு விசாரணை நடத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போய், அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், வாந்தி வந்ததா, எத்தனை மணிக்கு என்று எல்லோரையும் கேட்டேன். சாப்பிடுகிறவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லைதான். இரண்டு பேர் தட்டோடு எழுந்து போனார்கள். ஆனாலும் விஷயம் கிடைத்தது. பருப்பு சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. முட்டை சாப்பிட்டவர்களிலும் அப்படியே. உருளைக்கிழங்கை எடுத்தவர்கள்தான் வரிசையில் நின்றவர்கள். சர்க்கரை வியாதிக்காகக் கிழங்கைத் தொடாத கடைசல் பகுதித் தலைவர், மற்ற எல்லாவற்றையும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டும் கல்லு மாதிரி இருந்திருக்கிறார்.

உடனே கிழங்கு வியாபாரிதான் குற்றவாளி என்று முடிவு செய்து, சந்தைக்குப் போய் முக்கால் மணி நேரம் அவரோடு சண்டை போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. நன்றாகவே பேசினேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த மனிதரிடம் நேற்று போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “சண்டைக்கு வந்த கூட்டத்துல பத்துப் பேர் கிழங்கு வாங்கிட்டுப் போனாங்க, மறுபடியும் எப்ப வர்றீங்க” என்று கேட்டார்.

8. இனி கிருமி விஷயம். தடை வந்து இரண்டு வாரம் கழித்து, என் ஓரகத்தி வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு டப்பா கொடுக்க வேண்டும். வெட்கத்தில் அவள் போகமாட்டாள். திங்கட்கிழமைதோறும் நான்தான் அதைப் பையில் வைத்து அரசு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பையில் என்ன வாசனை, பலகாரமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போவேன். யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மா இருக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் காணோம் என்று தேடுகிறவர். முதல் திங்கட்கிழமை அவரிடம், என் ஓரகத்தி வயிற்றில் இருக்கும் கிருமி முப்பத்து நான்கு பேரை இரண்டு மணி நேரத்தில் எப்படிக் கவிழ்த்தது என்று கேட்டேன். அவர் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ரெண்டு மணி நேரத்திலயா? காய்ச்சல் இல்லாமலா? அது அவங்க கிருமியோட வேலை இல்லம்மா” என்றார்.

9. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். தாங்கள் படித்தவர், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமி என்றால் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உறவுக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் தொல்லை கொடுக்குமாம். துருப்பிடித்த ஆணி குத்திய காயத்தில், காற்றுப் படாத ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே நரம்புகளை முறுக்கித் தாடையைப் பூட்டிவிடுகிறது ஒன்று. நுரையீரலில் குடியேறி, அவசரமே இல்லாமல், மாதக் கணக்கில் ஆளைக் கரைக்கிறது ஒன்று. தொண்டையில் வந்து போய், போன பிறகு மூட்டையும் இதயத்தையும் வம்புக்கு இழுக்கிறது இன்னொன்று. என் வீட்டுக்காரர் பக்கத்து உறவில் இந்த மூன்று மாதிரியும் ஆட்கள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களும் தங்களுக்கு மனு எழுதுவார்கள்.

என் ஓரகத்தி வயிற்றில் இருந்தது சால்மொனெல்லா. ஆய்வுக்கூடத்து அம்மா காகிதத்தில் எழுதிக் கொடுத்த பெயர் இது. குச்சி குச்சியாக இருக்குமாம். இது பெட்டி படுக்கையோடு வந்து தங்குகிற விருந்தாளி. உயிரோடு வயிற்றுக்குள் போக வேண்டும், குடலில் இடம் பிடிக்க வேண்டும், பிள்ளை குட்டி பெருக்க வேண்டும், பிறகுதான் கலாட்டா. எப்படியும் அரை நாளாவது ஆகும், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். வந்தால் காய்ச்சலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டு அவள் நான்கு நாள் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கில் கிடந்தாள். அது இதுதான். ஆள் தேறிய பிறகும் சில வாரம் சத்தமில்லாமல் குடலில் தங்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அது அவளிடம் இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவள் கை கழுவுகிற கழுவலில் ஒரு குச்சியும் அவளைத் தாண்டி வெளியே போகவில்லை. போயிருந்தால் புதன், வியாழனில் பணிமனை காய்ச்சலில் படுத்திருக்கும்.

10. அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கிருமி எது என்று கேட்டேன். அதன் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ். காகிதத்தைப் பார்த்து எழுதவே எனக்கு மூன்று தடவை ஆயிற்று. உருண்டை உருண்டையாக, திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். தோலிலும் மூக்கிலும் சாதுவாக இருந்துவிட்டு, புண் கிடைத்தால் சீழ் கட்டும். சாப்பாட்டில் விழுந்து வெதுவெதுப்பாக நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் பெருகி, அதிலேயே விஷத்தைக் கக்கி வைத்துவிடும். சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் கிருமி போகவேண்டிய அவசியமே இல்லை, விஷம் போனால் போதும். அதனால்தான் இத்தனை வேகம், காய்ச்சலும் இல்லை, ஒரே நாளில் தீர்ந்தும் போகிறது.

அவள்தான் புகை வருகிற மாதிரி வதக்கினாளே, சூட்டில் சாகாதா என்று கேட்டேன். கிருமி செத்துவிடும், விஷம் சாகாது என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோள் மூட்டியவளைத் தெருவை விட்டே துரத்தினாலும் அவள் மூட்டிய கோள் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சங்கதி.

பிறகு அந்த அம்மா, “சமையல் பண்றவங்க யாருக்காவது அன்னிக்குக் கையில சீழ் வச்ச புண் இருந்துச்சா?” என்று கேட்டார்.

ஐயா, என் வலது கை தானாகவே பைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

11. இனி எழுதுவது என் வாக்குமூலம். அந்த வாரம் என் வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. நகத்தோரம் சிவந்து, வீங்கி, மஞ்சளாக முனை கட்டி, தொட்டால் உயிர் போகும். வெங்காயம், மிளகாய் நறுக்கும்போது சாறு பட்டால் காந்தும். சோப்புத் தண்ணீர் பட்டாலும் காந்தும். அதற்காகக் கையுறை போட்டுக்கொண்டேன். வெங்காயத்துக்குப் போட்டேன், மிளகாய்க்குப் போட்டேன், பாத்திரம் கழுவப் போட்டேன்.

உருளைக்கிழங்குக்குக் கழற்றிவிட்டேன். உருளைக்கிழங்கு எரியாது, ஐயா.

கையுறை என்பது சாப்பாட்டிலிருந்து என் விரலைக் காப்பாற்றுவதற்கு என்றே நான் நினைத்திருந்தேன். என் விரலிலிருந்து சாப்பாட்டைக் காப்பாற்றுவதற்கு என்று பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஓரகத்தி சொல்லித்தான் இருப்பாள். அவள் நிறைய சொல்வாள், நான் கிண்டலுக்கு வேண்டிய பகுதியை மட்டும் கேட்டுக்கொள்வேன். காலை ஏழு மணிக்கு இரண்டு பெரிய பாத்திரம் நிறைய வெந்த கிழங்கை வெறுங்கையால் உரித்தேன், வெறுங்கையால் பிசைந்தேன். வெதுவெதுப்பு விரலுக்கு இதமாகக்கூட இருந்தது. குளிர்பெட்டியில் அன்று மேலிட விருந்தாளிகளுக்கான குளிர்பானம் அடைத்திருந்தது. ஆகவே மசியலைத் துணி போட்டு மூடி அடுப்போரம் வைத்தோம். வைத்தோம் என்று எழுதுவது தப்பு. வைத்தேன். பதினொன்றே முக்காலுக்கு அவள் எடுத்து வதக்கினாள். நடுவில் இருந்தது ஐந்து மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு.

12. சம்பவம் நடந்து ஆறாம் நாள் வலி பொறுக்காமல் டாக்டரிடம் போய் விரலைக் கீறிக்கொண்டேன். என்ன வேலை என்று கேட்டார், பணிமனை உணவகம் என்றேன். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததும் இதே ஆய்வுக்கூடம்தான். அந்த அம்மா பதிவேட்டைத் திருப்பிப் பார்த்து, கிருமியைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் கருவியில் எனக்கே காட்டினார். ஊதா நிறத்தில் குலை குலையாக இருந்தது. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அழகாகவே இருந்தது. என் கிருமியை ஒரு சின்னச் சீசாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கிற முதல் ஆள் அதுதான்.

கிழங்கு மசியலின் முடிவு என்ன என்று கேட்டேன். அந்த அறிக்கை தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது, வெளியாருக்குச் சொல்ல அனுமதி இல்லை என்றார். அறிவிப்பு ஒட்டியது பன்னிரண்டாம் தேதி, அறிக்கை அனுப்பியது இருபதாம் தேதி என்பதை மட்டும் சொன்னார். ஆக, அறிவிப்பு எழுதியபோது தங்கள் கையில் அந்தத் தாள் இல்லை. இப்போது இருக்கிறது.

13. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சென்ற மாதம் இருபத்தொன்பதாம் தேதி. இன்று பதினாறு. பதினேழு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். முப்பத்து நான்கு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒரு பக்கம். அவளுடைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேனே, அதுவே பெரிய உபகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

14. போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து வாரத்தில் அவள் வேறொருவர் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. “எரியாதுன்னு கழட்டினீங்களாக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள் பாருங்கள், மடித்த துணியெல்லாம் சரிந்து விழுந்தது. சிரித்து முடித்துவிட்டு அழுதாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயமான தண்டனை என்று நானும் கிண்டல் செய்யாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “நீங்க எதுவும் எழுதிக் கொடுக்காதீங்கக்கா. என் பேரு போனது போனதுதான். ரெண்டு பேர் வேலையும் போச்சுன்னா குடும்பம் என்ன ஆகும்?” என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். அவளிடம் நான் பொய் சொன்னது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொல்லாமல் விட்டது, அது வேறு கணக்கு.

நேற்று அவளுடைய மூன்றாவது முடிவும் வந்தது. மூன்று திங்கட்கிழமை, மூன்று டப்பா, மூன்றிலும் கிருமி இல்லை. குச்சிகள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. இன்று இந்த மனு.

15. ஆகவே தங்கள் சமூகத்தில் நான் வேண்டிக்கொள்வது பின்வருமாறு:

(அ) என் சீழ் அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழங்கு மசியல் அறிக்கை தங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு குலையும் ஒரே கொடிதானா என்று உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டாம், தாங்கள் எழுதிக் கேட்டால் செய்வார்களாம். சீசா தயாராக இருக்கிறது.

(ஆ) தலைமைச் சமையலர் மீதான தடையைத் திங்கட்கிழமைக்கு முன் நீக்க வேண்டும். நீக்கியதையும் அதே கதவில், அதே அளவு எழுத்தில் ஒட்ட வேண்டும். சின்ன எழுத்தில் ஒட்டினால் எங்கள் ஆட்கள் படிக்கமாட்டார்கள்.

(இ) ஆய்வு அறிக்கையின் நான்காம் பத்தியில் உள்ள பாராட்டை ரத்து செய்ய வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் வலிக்கிறது. விரல் ஆறி மூன்று வாரம் ஆகிறது.

(ஈ) எனக்கு என்ன நடவடிக்கையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல் நிறுத்தினாலும், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மாற்றினாலும் சரி. ஆனால் பணிமனைகள், விடுதிகள் எல்லாவற்றிலும் காய் நறுக்குகிறவர்களைக் கூப்பிட்டு, கையுறை எதற்கு என்று ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். எனக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரியாததாக இருக்காது. ‘கையில் புண்ணோடு வருகிறவர் சமையலில் கை வைக்கக்கூடாது’ என்பதைச் சுவரில் எழுதிப் போடுவதைவிட, எதிரே நிற்கவைத்து என்னைப் பேசச் சொன்னால் மறக்கமாட்டார்கள். பேசுவதற்கு நான் தனியாகக் காசு கேட்கமாட்டேன்.

16. கடைசியாக ஒன்று. கதவில் உள்ள தாளை நானே கிழித்திருக்கலாம், மேல் ஓரம் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது. தினமும் காலையில் உள்ளே போகும்போது கை அரிக்கிறது. அரசாங்கத் தாள் என்பதால் தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கிறேன். எழுத்தில் பதில் தர நேரம் போதாவிட்டால், ஞாயிறு மாலைக்குள் உணவகத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். காசாளர் எடுப்பார், அவரை அங்கேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அடுப்பு பற்ற வைப்பது ஆறு மணிக்கு. ஐந்தரைக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டி, “எழுந்திரு, உன் கரண்டி காத்துக்கிட்டு இருக்கு” என்று சொல்கிற வேலை ஒன்று இருக்கிறது. என்னை எந்த வேலையிலிருந்து நிறுத்தினாலும், ஐயா, அந்த ஒரு வேலையை மட்டும் எனக்கு விட்டுக் கொடுக்க வேண்டுகிறேன்.

நாள்: 16-ஆம் தேதி, வியாழக்கிழமை
இடம்: உணவகக் காசாளர் மேசை

தங்கள் பதிலை எதிர்பார்த்து, இரண்டு கையிலும் கையுறையோடு,

(கையொப்பம்)
உதவியாளர் எண் 3

இணைப்பு:
1. என் விரல் சீழ் பரிசோதனை அறிக்கை – ஒன்று.
2. தலைமைச் சமையலரின் பரிசோதனை முடிவுகள் – மூன்று.
3. அன்று சாப்பிட்டவர்கள், சாப்பிட்டது என்ன, வாந்தி எடுத்த நேரம் – மேசை வாரியாக நான் எழுதிய நோட்டுத் தாள்கள் நான்கு. (இரண்டாம் தாளில் உள்ள கறை சாம்பார் அல்ல, மை. பயப்பட வேண்டாம்.)